ஆந்திராவின் பேலம் குகையில் கூடாரம் அடித்துத் தங்கலாமா? சென்னையிலிருந்து சனி, ஞாயிறில் போய்வர முடியுமா?

குகைக்குள் தங்க முடியாது. காலை 10 மணிக்குத் திறந்து மாலையில் பூட்டிவிடுவார்கள். கூடாரத்துக்கு ஏற்ற இடம் சுமார் 60 கி.மீ. தள்ளியிருக்கும் கண்டிகோட்டா. சனி இரவு அங்கே, ஞாயிறு காலை பேலம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு நாளில் அடங்கும்.

ரேணிகுண்டா, ராஜம்பேட்டை, கடப்பா, ஜம்மலமடுகு வழியாகக் கண்டிகோட்டா ஏறத்தாழ 350 கி.மீ. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம். ரயிலென்றால் மும்பை பாதையில் தாடிபத்ரி. அங்கிருந்து பேலம் 30 கி.மீ.

கண்டிகோட்டாவில் பெண்ணாற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பு முழுக்கப் பாறை. முளை இறங்காது. தானாக நிற்கும் குவிமாடக் கூடாரம் எடுத்துப் போய், கயிறுகளைப் பெரிய கற்களில் கட்டுங்கள். விளிம்பில் தடுப்புக் கிடையாது, இரவில் காற்று பலமாக அடிக்கும். அதனால் நன்றாக உள்ளே தள்ளிப் போடுவதே புத்திசாலித்தனம். சாப்பாட்டை வெளியே வைத்தால் குரங்குக்குத்தான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம். கோடையில் அந்தப் பாறை தோசைக்கல்!

இனி பேலம். பல்லாவரத்தில் 1863-ல் கற்கோடரி கண்டெடுத்த அதே நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் பூட்தான் 1884-ல் இந்தக் குகையையும் பதிவு செய்தார். 1982, 83-ல் கெபாவர் தலைமையிலான ஜெர்மானியக் குழு உள்ளே புகுந்து அளந்தது. 2002-ல் மக்களுக்குத் திறந்தார்கள். மொத்த நீளம் 3,229 மீட்டர். நாம் நடப்பது சுமார் ஒன்றரை கிலோமீட்டர்.

கிணறு போன்ற ஒரு குழி வழியாக இறங்க வேண்டும். சுவரைக் கவனியுங்கள்: கரண்டியால் வழித்த மாதிரி வழவழப்பான குழிவுகள். நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டு ஓடிய தடம் அது. மிக ஆழமான பாதாள கங்கை 46 மீட்டர் கீழே. அங்கே சிறு ஓடை ஒன்று தெரிந்து, பாறைக்குள் மறைந்துவிடும். படிகள் வழுக்கும், செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போடுங்கள். தட்டினால் ஓசை எழுப்பும் கல்தூண்களைத் தயவுசெய்து தட்டிப் பார்க்காதீர்கள், உடைந்தால் உடைந்ததுதான்.

பலரும் பாதியில் திரும்புவது இருட்டால் அல்ல, புழுக்கத்தால். ஈரக்காற்றில் வியர்வை காயாது, மூச்சு முட்டும். வெளியிலிருந்து காற்று செலுத்தும் இடங்களில் நின்று நின்று போங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் பாதாள கங்கைக்கு இறங்காமல் இருப்பது நல்லது. தலைக்கு அரை லிட்டர் தண்ணீர், ஒரு டார்ச் போதும். மாற்றுச் சட்டையைக் காரிலேயே வையுங்கள். நனைந்த சட்டையோடு ஏசியில் எட்டு மணி நேரம் சென்னைக்கு உட்கார்ந்து வர முடியாது.