மாலை போட்டால் விட முடிகிறது, கழற்றினால் முடியவில்லையே டாக்டர்?

கேள்வி: எனக்கு 43 வயது. நீடாமங்கலம் பக்கம் விவசாயம். இருபது வயதிலிருந்து சிகரெட் பிடிக்கிறேன், எழுந்ததும் முதல் வேலை அதுதான். ஒரு நாளைக்குப் பதினைந்து ஆகிவிடும், அறுவடை சமயத்தில் கணக்கே கிடையாது. போன வருஷம் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தபோது 48 நாள் தொடவில்லை, பெரிய கஷ்டமும் தெரியவில்லை. மலை இறங்கி வந்து மாலையைக் கழற்றிய அன்றைக்கே பிடித்துவிட்டேன். அப்புறம் ஒரு தடவை சும்மா விட்டுப் பார்த்தேன், நாலாம் நாள் தாங்கவில்லை. நிக்கோட்டின் சூயிங்கம் மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் வந்தது. இப்போது டீக்கடையில் கூடுகிற நாங்கள் நாலு பேரும் தை ஒன்றாம் தேதியிலிருந்து சேர்ந்தே விடுவது என்று பேசியிருக்கிறோம். அதில் ஒருவர் கூத்தாநல்லூர் பாய், நோன்பு மாதம் முழுக்கப் பகலில் தொடமாட்டார், நோன்பு திறந்ததும் பற்ற வைத்துவிடுவார். இன்னொருவர் சிகரெட்டை விட்டுப் பீடிக்கு மாறியிருக்கிறார். ஒருத்தர் விழுந்தால் நாலு பேரும் விழுவீர்கள் என்கிறாள் என் மனைவி. சேர்ந்து விடுவதா, தனியாக விடுவதா? காலையில் இருமல் வேறு இருக்கிறது.

பதில்: சேர்ந்தே விடுங்கள். ஆனால் தை ஒன்றாம் தேதி வேண்டாம். இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்ப்போம்.

அந்த 48 நாள் எப்படி முடிந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பக்தி இருந்தது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கழுத்தில் மாலை ஏறிய அன்றிலிருந்து உங்களைச் சுற்றி இருந்தவர்களும் மாறிவிட்டார்கள். டீக்கடைக்காரர் ‘வாங்க சாமி’ என்கிறார், பெட்டிக்கடைக்காரர் கை வழக்கம்போல அந்தப் பாக்கெட் பக்கம் போவதில்லை, எப்போது பார்த்தாலும் ஒன்றை எடுத்து நீட்டுகிற நண்பர் உங்களைக் கண்டதும் கையைப் பின்னால் கொண்டுபோகிறார். விடியற்காலைக் குளியல், சாயங்காலம் பஜனை, கூடவே அதே விரதத்தில் இருக்கிற பத்து சாமிமார்கள். வாய் நமநமக்கிற நேரத்தில் எல்லாம் வேறு ஒரு வேலையும் பக்கத்தில் ஒரு ஆளும் இருந்தார்கள். மாலையைக் கழற்றினீர்கள், இது அத்தனையும் ஒரே நாளில் இல்லாமல் போயிற்று. அன்றைக்கு உங்கள் உடம்பு சிகரெட் கேட்கவில்லை என்று நான் தைரியமாகச் சொல்வேன், கேட்டது அந்த இடமும் அந்த நேரமும்தான்.

ஏனென்றால் உடம்பின் கணக்கு வேறு. ஒரு இழுப்பு இழுத்த பத்து, இருபது நொடியில் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது, ரத்தத்தில் அது பாதியாகக் குறைய சுமார் இரண்டு மணி நேரம். குறையக் குறைய எரிச்சல், கவனமின்மை, கை எதையோ தேடுவது, அதனால் அடுத்தது. முழுக்க நிறுத்திவிட்டால் இந்த அவஸ்தை இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், அங்கிருந்து இறங்க ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். நீங்கள் நாலாம் நாள் தாங்கவில்லை என்கிறீர்களே, மலையின் உச்சியை ஏறி முடித்து இறங்கப் போகிற இடத்தில் நின்று திரும்பியிருக்கிறீர்கள். இதைத் தெரிந்துகொண்டு ஆரம்பிப்பதற்கும் தெரியாமல் ஆரம்பிப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

பழக்கத்தின் கணக்கு மாதக்கணக்கில் நீளும். டீ கிளாஸ், சாப்பாடு முடிந்த நேரம், வயலில் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வரப்பில் உட்காருவது, இவை ஒவ்வொன்றும் சிகரெட்டோடு இருபது வருஷமாகச் சேர்ந்தே இருந்தவை. பாய் நோன்பில் பதின்மூன்று பதினான்கு மணி நேரம் சும்மா இருந்துவிட்டு மக்ரிப் பாங்கு சொன்னதும் பற்ற வைக்கிறாரே, அவருக்கும் அந்த நேரம்தான் சிக்கல். அவரிடம் ஒன்று சொல்லுங்கள், நாள் முழுக்க இருக்க முடிகிறவர் ஏற்கெனவே பாதி வேலையை முடித்தவர், அவர் ஜெயிக்க வேண்டியது நோன்பு திறந்த பிறகு வருகிற அந்த அரை மணி நேரத்தை மட்டும்தான்.

இந்த நமநமப்பு வரும்போது அது வளர்ந்துகொண்டே போய் நம்மை விழுங்கிவிடும் என்று தோன்றும். அப்படி நடக்காது. நாலைந்து நிமிஷம், மிஞ்சிப் போனால் பத்து நிமிஷம், நீங்கள் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அது இறங்கிவிடும். அந்த நிமிஷங்களைக் கடத்துவதற்குத்தான் ஆள் வேண்டும் என்கிறேன். வாட்ஸ்ஆப்பில் குழு ஆரம்பித்துக் காலை வணக்கம் போட்டுக்கொள்வதை நான் துணை என்று சொல்லவில்லை. நமநமத்த உடனே நாலு பேரில் ஒருவருக்கு போன் அடிக்க வேண்டும், அவர் எந்த வேலையில் இருந்தாலும் எடுக்க வேண்டும். எடுத்தவர் அறிவுரை சொல்லக் கூடாது, சிகரெட் பேச்சையே எடுக்கக் கூடாது, உரம் வந்ததா, மோட்டார் காயில் கட்டியாயிற்றா, பையன் பரீட்சை எப்படி எழுதினான் என்று ஐந்து நிமிஷம் பேசினால் போதும். பேசி முடிக்கும்போது அது போயிருக்கும்.

உங்கள் மனைவியின் பயத்துக்கு வருகிறேன், அது நியாயமான பயம். அமெரிக்காவில் ஃப்ராமிங்காம் என்ற ஊரில் பல தலைமுறையாக நடக்கிற இதய நோய் ஆய்வில் 12,067 பேரை 1971 முதல் 2003 வரை பின்தொடர்ந்ததை வைத்து 2008இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அதில் தெரிந்தது என்னவென்றால், ஆட்கள் ஒவ்வொருவராக விடவில்லை, கூட்டம் கூட்டமாக விட்டார்கள். கணவன் மனைவியில் ஒருவர் விட்டால் மற்றவர் புகைக்கிற வாய்ப்பு 67 சதவீதம் குறைந்தது, நண்பர் விட்டால் 36 சதவீதம். பழக்கம் தொற்றுவதைப் போலவே விடுவதும் தொற்றுகிறது. எந்த உதவியும் இல்லாமல் தனியாக விட முயல்பவர்களில் ஒரு வருஷம் கழித்தும் பிடிக்காமல் இருப்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் தேறுவதில்லை, அதனால் தனியாக விடுவது ஒன்றும் பாதுகாப்பான வழி அல்ல. ஒருவர் விழுந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால்தான் உங்கள் மனைவி சொல்வது நடக்கும்.

அதனால் பேசி வையுங்கள். பிடித்துவிட்டவர் அன்றைக்கே மற்ற மூன்று பேரிடமும் சொல்லிவிட வேண்டும், மறைக்கக் கூடாது. கேட்டவர்கள் திட்டக் கூடாது, கேலி செய்யக் கூடாது, ‘சரி, எந்த நேரத்தில், எங்கே வைத்து’ என்று மட்டும் கேளுங்கள், அதுதான் அடுத்த தடவைக்குப் பயன்படும். மறுநாள் காலையிலிருந்து அவர் மறுபடியும் கணக்கில் சேர்ந்துவிட்டார். ஆனால் அவர் பிடிக்கிற நேரத்தில் துணைக்கு உட்காருவது, பாதியை வாங்கி ஒரு இழுப்பு இழுப்பது, இது கண்டிப்பாகக் கூடாது. பழைய ஆட்களுக்கு ஒரு இழுப்பு என்று ஒன்று கிடையாது, அது பாக்கெட்டில்தான் போய் முடியும். அப்புறம் முதல் ஒரு மாதம் டீக்கடையை மாற்றுங்கள். கூடுவதை விட வேண்டாம், கடையை மட்டும் மாற்றுங்கள், தீக்கயிறு தொங்காத கடையாகப் பார்த்து. நாலு பேருக்கும் மிச்சமாகிற காசை ஒரு சீட்டாகப் பிடித்தால் இன்னும் நல்லது, நம் பக்கத்து ஆட்கள் வேறு எதை விட்டாலும் சீட்டுத் தவணையை விட மாட்டார்கள்.

தேதி விஷயம். தை ஒன்று நல்ல நாள்தான், ஆனால் அடுத்து என்ன? சம்பா அறுவடை. மெஷினுக்குக் காத்திருப்பது, நெல்லைக் கொண்டுபோய்க் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு டோக்கனுக்காக ராத்திரி ராத்திரியாகத் தார்ப்பாய் பக்கத்தில் படுத்துக் கிடப்பது, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, மறுபடி காய வை என்று சொல்லும்போது வருகிற கோபம், சுற்றி இருக்கிற சுமைதூக்குகிறவர்கள், லாரிக்காரர்கள் எல்லார் கையிலும் ஒன்று புகைவது. விட்டு ஒரு வாரம், பத்து நாள் ஆனவருக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. நடவும் களையும் முடிந்து வேலை கொஞ்சம் குறைந்திருக்கிற இப்போதே, இன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் ஒரு நாளைக் குறியுங்கள். அறுவடை வரும்போது இரண்டு மாதம் ஓடியிருக்கும், உடம்பின் கணக்கு முடிந்திருக்கும். அப்போதும் கொள்முதல் நிலையத்தில் ராத்திரிக் காவலுக்குத் தனியாகப் போகாமல் நாலு பேரில் இரண்டு பேராகப் போங்கள். கார்த்திகையில் மறுபடி மாலை போடுவதாக இருந்தால் தாராளமாகப் போடுங்கள், ஆனால் நாலு பேரின் ஏற்பாடு அதற்கு முன்பே ஆரம்பித்திருக்க வேண்டும், மாலை கழற்றுகிற நாளில் மற்ற மூவரில் ஒருவராவது உங்கள் கூடவே இருக்க வேண்டும்.

இனி அந்தச் சூயிங்கம். நீங்கள் அதைச் சாதாரணச் சூயிங்கம் மாதிரி விடாமல் மென்று எச்சிலை விழுங்கியிருப்பீர்கள், அப்படிச் செய்தால் நிக்கோட்டின் வயிற்றுக்குப் போய் விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல்தான் வரும். அது வாயின் உள்தோல் வழியாக ஏற வேண்டிய மருந்து. வெற்றிலையை ஒதுக்குகிற மாதிரி ஒதுக்க வேண்டும். மெதுவாக நாலைந்து தடவை மெல்லுங்கள், மிளகு மாதிரி சுள்ளென்று வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் வைத்துவிடுங்கள். ஒரு நிமிஷத்தில் அந்தச் சுள்ளாப்பு அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள், வேறு பக்கம் ஒதுக்குங்கள். ஒன்று அரை மணி நேரம் வரும். அதற்குக் கால் மணி நேரம் முன்பும் வாயில் இருக்கும்போதும் காபி, டீ, எலுமிச்சை ஜூஸ், கலர் எதுவும் வேண்டாம், உள்ளே ஏறாது. எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பிடிக்கிற உங்களுக்கு 2 மில்லிகிராம் போதாமல் போகலாம், 4 மில்லிகிராமுக்கு மருத்துவர் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நமநமத்த பிறகு போடுவதைவிட முதல் சில வாரம் ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று போட்டுவிட்டு, மூன்று மாதத்தில் படிப்படியாகக் குறைப்பதுதான் முறை. இதுவே பழக்கமாகிவிடாதா என்று பலரும் கேட்கிறார்கள். சிகரெட்டில் நொடிக்கணக்கில் மூளைக்கு ஏறுகிறது, இதில் மெதுவாகத்தான் ஏறும், அந்தப் பிடிமானம் இதில் வருவது குறைவு. புற்றுநோயைக் கொண்டுவருகிற தாரும் ரத்தத்தில் ஏறுகிற கார்பன் மோனாக்சைடும் புகையில்தான் இருக்கின்றன, இதில் இல்லை. வாரெனிக்ளின், புப்ரோபியான் என்று மாத்திரைகளும் உண்டு, நன்றாக வேலை செய்பவை, ஆனால் மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். வலிப்பு இருப்பவருக்குப் புப்ரோபியான் கூடவே கூடாது.

பீடிக்கு மாறியவரிடம் சொல்லுங்கள், அவர் எதையும் குறைக்கவில்லை. பீடி இலை லேசில் எரியாது, அணையாமல் இருக்க வேகமாகவும் அடிக்கடியும் இழுக்க வேண்டும், அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் அதிகம்தான் உள்ளே போகிறது. அதே மாதிரி, சிகரெட்டை விட்டதும் வாய்க்கு ஏதாவது வேண்டும் என்று வெற்றிலை சீவலில் இறங்குகிறவர்களை இந்தப் பக்கம் நிறையப் பார்க்கிறேன். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு தனியாகவே வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம். கடலை, கிராம்பு, சோம்பு, வெள்ளரிக்காய் எதுவானாலும் சரி, சீவல் வேண்டாம்.

காபி பற்றி ஒன்று, இதை யாரும் சொல்வதில்லை. சிகரெட் புகை கல்லீரலை முடுக்கிவிட்டுக் காபியில் இருக்கிற காஃபினைச் சீக்கிரம் கரைத்துவிடுகிறது. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்து, அதே நாலு டம்ளர் காபிக்கு ரத்தத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு காஃபின் தங்கும். படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல் வரும், நாம் அதைச் சிகரெட் ஏக்கம் என்று நினைத்துக்கொள்வோம். விட்ட நாளிலிருந்து காபி டீயைப் பாதியாக்குங்கள். நாலு பேரில் யாராவது மூச்சிழுப்புக்குத் தியோஃபிலின் மாத்திரையோ, மனநலத்துக்கு மாத்திரையோ, சர்க்கரைக்கு ஊசியோ எடுத்தால் விடுவதற்கு முன்பே அவரவர் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அளவை மாற்ற வேண்டி வரலாம். மலச்சிக்கல், வாய்ப்புண், விசித்திரமான கனவு, நாலைந்து கிலோ எடை கூடுவது எல்லாம் வரக்கூடியவைதான், பயப்பட வேண்டாம். மனது மட்டும் இரண்டு வாரத்துக்கு மேல் இருண்டே கிடந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

நாலு பேரும் ஒரே நேரத்தில் தடுமாறுகிற ராத்திரியும் வரும். பாக்கெட்டின் மேலேயே அச்சடித்திருக்கிறதே 1800 11 2356, அது கட்டணமில்லாத தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண், தமிழிலும் பேசுவார்கள், நீங்கள் சரி என்றால் அவர்களே பிறகு கூப்பிட்டும் விசாரிப்பார்கள். முதல் தடவை கூப்பிடுவதை நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்தே செய்துவிடுங்கள், கூச்சம் போய்விடும்.

கடைசியாக உங்கள் இருமல். விட்ட முதல் சில வாரம் இருமலும் சளியும் கொஞ்சம் கூடலாம், நுரையீரல் தன்னைச் சுத்தம் செய்துகொள்கிறது, அதற்காக மறுபடி பற்ற வைத்துவிடாதீர்கள். ஆனால் இருமல் ஏற்கெனவே இரண்டு வாரத்துக்கு மேல் இருப்பதாகத்தான் தெரிகிறது, ஆகவே அது சிகரெட் இருமல் என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைக் கொடுத்துக் காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள், இலவசம்தான். அப்புறம் திருவாரூரிலோ தஞ்சாவூரிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் ஒரு எக்ஸ்ரேயும், குழாயில் ஊதிப் பார்க்கிற ஸ்பைரோமெட்ரியும் எடுத்துக்கொள்ளுங்கள். சளியில் ரத்தம், சாயங்காலக் காய்ச்சல், எடை இறங்குவது, இதில் ஒன்று இருந்தாலும் தேதி குறிக்கிற வேலையை நண்பர்களிடம் விட்டுவிட்டு நாளைக் காலையே போங்கள்.