வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள்: கேட்டதும் சொன்னதும்

வாடகை வழக்குகள்தான் என் பிழைப்பு. தமிழ்நாட்டு வீடுகளைப் பற்றி மட்டும் கேளுங்கள். கடை, குடோன் எல்லாம் இன்னொரு நாள்.

மீனாட்சி, மதுரை: பதினொரு மாத அக்ரிமென்ட் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். போதும்தானே சார்?

போதாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்று 1908 பதிவுச் சட்டம் சொன்னதால், அதைத் தவிர்க்கப் பிறந்தது இந்தப் பதினொரு மாதக் கணக்கு. 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 22.2.2019 முதல் புதுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன்படி எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிந்து பதிவு எண் வாங்க வேண்டும். நாளை காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டால் முதல் கேள்வி அந்த எண்தான்.

பெயர் வேண்டாம்: மூன்று மாதமாக வாடகை வரவில்லை. போன் எடுப்பதில்லை. ஃபியூஸைப் பிடுங்கிவிடலாமா? ஊருக்குப் போயிருக்கும்போது பூட்டை மாற்றிவிட்டால்?

இரண்டையும் செய்யாதீர்கள். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் உடனே திருப்பிக் கொடுக்கச் சொல்லி வாடகை அதிகாரி இடைக்கால உத்தரவு போடலாம். பூட்டை மாற்றுவது அதைவிட மோசம். சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் 1963 குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின்கீழ் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்ப வாங்கலாம். அந்த வழக்கில் வீடு யாருடையது என்ற கேள்வியே எழாது. உள்ளே இருந்த நகையைக் காணோம் என்று அவர் புகார் கொடுத்தால் காவல் நிலையத்தில் உட்காரப்போவது நீங்கள். வாடகை தராதவருக்கு எதிராக உங்கள் பக்கம் இருந்த நியாயம் ஒரே இரவில் அவர் பக்கம் போய்விடும்.

வழி இதுதான்: இரண்டு மாத வாடகை பாக்கி இருந்தால் எழுத்தில் நோட்டீஸ். ஒரு மாதத்துக்குள் முழுப் பாக்கியும் வராவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் மனு. பதிவு எண் இருக்கிறதா?

சாதிக், வேலூர்: பன்னிரண்டு வருஷம் ஒரே ஆளைக் குடியிருக்க விட்டால் வீடு அவருக்குச் சொந்தமாகிவிடுமாமே?

ஆகாது. பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு, உரிமையாளருக்கு எதிராக, தனக்கே சொந்தம் என்று அனுபவிக்கிறவருக்கு. வாடகைதாரர் உங்கள் அனுமதியோடு இருக்கிறார். அவரை உள்ளே விட்ட உரிமையாளரின் உரிமையை, வாடகை நீடிக்கும்வரை அவர் மறுக்கவே முடியாது. முப்பது வருஷம் இருந்தாலும் வாடகைதாரர் வாடகைதாரர்தான். வாடகையை ரொக்கமாக வாங்கி, ரசீதும் தராமல், ஒப்பந்தமும் போடாமல் இருந்தால்தான் அவர் வாடகைதாரர் என்று நிரூபிக்க நீங்கள் திணறுவீர்கள்.

கார்த்திக், துபாய்: ஒரு நிறுவனம் என் ஃபிளாட்டை எடுத்துக்கொண்டு மாதாமாதம் வாடகை போடுவதாகச் சொல்கிறது. பவர் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதில் சிலர் செய்வது இப்படி: உங்களுக்கு மாத வாடகை. உள்ளே வருகிற குடும்பத்திடமோ 'லீஸ்' என்று மொத்தமாகச் சில லட்சங்கள். அந்தப் பணத்தைச் சுழற்றி உங்களுக்கு வாடகை போடுவார்கள். ஒரு நாள் வாடகை நிற்கும், அலுவலகம் பூட்டியிருக்கும். லட்சங்களைக் கொடுத்த குடும்பம், பணம் வந்தால்தான் நகருவோம் என்று உங்கள் வீட்டில் இருக்கும். அவர்களும் ஏமாந்தவர்கள்தான், அவர்களோடுதான் நீங்கள் வழக்காட வேண்டும். உங்கள் பவரில் மறுவாடகைக்கும் லீஸுக்கும் அதிகாரம் கொடுத்திருந்தால் வாதாட அதிகம் மிஞ்சாது. பவர் கொடுப்பதானால் சொந்தத் தம்பிக்கோ அக்காவுக்கோ கொடுங்கள். குடியிருப்பவர் யார் என்று ஒப்பந்தத்தில் பெயரோடு எழுதுங்கள். வாடகை நேராக உங்கள் கணக்குக்கு வரட்டும்.

லதா, கோவை: வாடகைக்கு வருமான வரி எப்படிக் கணக்கிடுவது?

ஆடிட்டரைக் கேளுங்கள்.

செல்வம், தாம்பரம்: நான் வாடகைக்கு இருந்தவன். காலி செய்தபோது பெயிண்டுக்கு என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துவிட்டார்கள். சரியா?

சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் உரிமையாளர் பொறுப்பு என்று சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலேயே இருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள் மாதிரிச் சில்லறை வேலைகள்தான் குடியிருப்பவருக்கு.

ரேவதி, அண்ணா நகர்: அநியாயம் சார். பிள்ளை ஹால் சுவர் முழுக்க கிரேயானில் கிறுக்கியிருக்கிறது. என் காசிலா?

அது சேதம். சேதத்தைக் கழிக்கலாம். படமெடுத்து, பில் வைத்து, அந்தச் சுவருக்கு ஆனதை மட்டும்.

செல்வம்: அப்படியானால் ஆணி அடித்த ஓட்டை?

நாட்காட்டி மாட்டிய ஆணி இயல்பான தேய்மானம். டிவிக்குத் துளைபோட்டு டைல்ஸ் உடைந்தால் சேதம்.

ரேவதி: ஊரில் எல்லோரும் ஒரு மாதம் பிடிக்கிறார்கள்.

பிடிக்கிறார்கள், ஆமாம். பெரும்பாலானவர்கள் வழக்குக்குப் போவதில்லை என்பதால் நடக்கிறது. போனால் பில் கேட்பார்கள். குடி வைக்கும் அன்றே ஒவ்வொரு அறையையும் தேதி தெரிய வீடியோ எடுத்து இரண்டு பேரும் வைத்துக்கொண்டால் இந்தச் சண்டையே இல்லை. அட்வான்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும்.

முருகேசன், சேலம்: குடியிருப்பவர் வீட்டில் கஞ்சா விற்றால் எனக்கு என்ன?

தெரிந்தே விட்டிருந்தால் போதைப்பொருள் சட்டத்தில் உங்களுக்கும் தண்டனை உண்டு. தெரிய வந்ததும் காவல்துறைக்கு எழுத்தில் சொல்லி ஒப்புகை வாங்குங்கள். குடி வைக்கும்போதே ஆதார் நகல், போன் எண், வேலை செய்யும் இடம் எல்லாம் வாங்கி வையுங்கள். அதற்காகச் சந்தேகப்பட்டுத் திடீரென்று உள்ளே நுழையாதீர்கள். பார்க்கப் போவதானால் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும்.

பிரபு, ஓசூர்: பெங்களூரில் ஒரு வீடு...

கர்நாடகச் சட்டம் வேறு. அங்கே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

ஜெயா, திருச்சி: சார், பன்னிரண்டு வருஷம் ஆனால் வீடு...

சாதிக்குக்குச் சொன்னதைப் படியுங்கள் அம்மா. படித்துவிட்டு, ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள்.