மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில்

கேள்வி: ஒரகடம் அருகே எங்கள் கிராமம். அம்மா மாடுகளை விற்றுவிட்டு, கொட்டகை இருந்த இடத்தில் நான்கு அறைகள் கட்டி, தொழிற்சாலை வேலைக்கு வந்த ஒடிசா இளைஞர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். பொங்கலுக்குப் போனால் வீடெல்லாம் கடுகெண்ணெய் வாசம். எனக்குப் படுக்க இடமில்லை. அப்பா திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். அவர்களைக் காலி செய்யச் சொல்லலாமா?
வாசகர், வேளச்சேரி

பதில்: அதைச் சொல்லும் உரிமை உங்கள் அம்மாவுடையது, பண்டிகைக்கு வந்துபோகும் உங்களுக்கு அது இல்லை என்பதை வருத்தப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள். 1990-களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்ததிலிருந்து, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து ஊர்களில் இப்படி வாடகை அறைகள் எழும்பிக்கொண்டேதான் இருக்கின்றன. இருட்டோடு எழுந்து சாணம் அள்ளிப் பால் கறந்த ஒருவர், மாதம் பிறந்தால் தம் கைக்கே வந்து சேரும் வாடகையை விரும்புவதில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. (வேளச்சேரியில் பக்கத்து வீட்டுச் சமையல் வாசத்துக்காக யாரையாவது காலி செய்யச் சொல்லியிருக்கிறீர்களா?)

ஆனால் அம்மாவுக்கு நீங்கள் செய்துதர வேண்டிய வேலை உண்டு. அறைகளுக்குத் தனி மின் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்; எல்லாம் ஒரே மீட்டரில் ஓடினால், இரண்டு மாதத்துக்கான 100 யூனிட் இலவசம் சீக்கிரமே தீர்ந்து, யூனிட் கூடக் கூடக் கட்டண விகிதமும் ஏறும். ஆட்களை அழைத்துவந்தவர் ஒப்பந்ததாரர் என்றால், வாடகை ஒப்பந்தத்தை அவரிடமே எழுதி வாங்குங்கள். அவர் அழைத்துவரும் வெளிமாநிலத் தொழிலாளருக்கு இருப்பிடம் தருவதை 1979-ஆம் ஆண்டுச் சட்டமே அவர் கடமையாக வைத்திருந்தது. ஓர் அறைக்கு எத்தனை பேர் என்பதையும் அதில் எழுதிவிடுங்கள். கிணறும் செப்டிக் டேங்கும் தாங்க வேண்டும் அல்லவா?

என்னை உறுத்துவது, நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன அப்பா. மாடுகள் போனதோடு, விடிந்ததும் கை வைக்க ஒரு காரியம் இல்லாதவராக அவர் ஆகியிருக்கக்கூடும். வந்தவர்களைக் காலி செய்வதால் அது திரும்பிவிடாது. அந்த இளைஞர்களிலும் நெல் வயலை விட்டு வந்தவர்கள் இருப்பார்கள். மேற்கு ஒடிசாவில் விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் புது நெல்லைச் சாமிக்குப் படைத்து நுவாகாய் கொண்டாடுகிறார்கள். அவர்கள் ஊரில் என்ன ரகம் நடுகிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அப்பாவை விசாரிக்கச் சொல்லுங்கள்; இந்நேரம் நாலு வார்த்தை இந்தி பழகியிருக்கக்கூடிய அம்மா இடையில் நின்று பேசிக்கொடுப்பார்.

உங்கள் படுக்கைக்கு வருகிறேன். அடுத்து ஓர் அறை காலியாகும்போது அதை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளலாமா என்று அம்மாவிடம் கேளுங்கள். கேட்கும்போதே, அதற்குரிய வாடகையை மாதாமாதம் அனுப்பிவிடுவதாகவும் சொல்லுங்கள்.