ரப்பர் தேய்த்த பெருவிரல்

கேள்வி: வயது 31. வீரவநல்லூரில் இருக்கிறேன். பிள்ளை தூங்கிய பிறகு பென்சிலில் படம் வரைவேன். ஐம்பது படங்களுக்கு மேல் பீரோவில் சேலைக்கு அடியில் கிடக்கின்றன. தெரிந்தவர்களுக்கு போனில் அனுப்பினால் "சூப்பர்" என்கிறார்கள், நம்ப முடியவில்லை. பதில் வராவிட்டால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. அத்தையோ, "இத வரைஞ்சி என்னத்துக்கு ஆவப்போவுது?" என்கிறார். மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன். நானெல்லாம் ஓவியர்தானா?

பதில்: தங்கச்சி, படங்களை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். கிருஷ்ணர், மயில் இரண்டும் போனைப் பார்த்து வரைந்தவை, இல்லையா? சுத்தமாக இருக்கின்றன, அவ்வளவுதான். அவற்றைப் பற்றி உங்களுக்கு வந்த சந்தேகம் நியாயமான சந்தேகம்.

மூன்றாவது வேறு ரகம். அத்தை அரிவாமனையில் வாழைக்காய் நறுக்குகிறார். பலகையை மிதித்த காலில் பெருவிரல் மட்டும் விறைத்து நிற்கிறது. முகம்கூட சரியாக வரவில்லை, ஆனால் அந்த விரலில் ஆள் தெரிகிறார். தினமும் பக்கத்தில் இருந்து பார்த்த கண்ணுக்குத்தான் அது அகப்படும்.

காலண்டர் படங்களால் பேர்பெற்ற கொண்டைய ராஜு (1898–1976) நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதப் போனவர். கம்பெனி கலைந்ததும் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். 1986க்கு முன்னால் அதுவும் நம் திருநெல்வேலி ஜில்லாதான். அவரைச் சுற்றிச் சீடர்கள் சேர்ந்தார்கள். பல படங்களில் அவர் கையெழுத்தோடு சீடர் டி. எஸ். சுப்பையாவின் கையெழுத்தும் இருக்கும். பக்கத்தில் ஒருத்தர் தூரிகையோடு இருந்தால், "நான் ஓவியன்தானா" என்று விட்டத்தைப் பார்த்துக் கிடக்க நேரம் ஏது? "இந்தக் கை கொஞ்சம் நீளமோ?" என்றுதான் பேச்சு போகும்.

உங்களுக்கு அப்படி ஒரு ஆள் வேண்டும். அதற்கு நீங்கள் சென்னைக்குப் போக வேண்டாம். உங்கள் ஊர் செடிபுட்டா சேலைக்குப் பேர்போன ஊர். நூலால் செடியும் பூவும் போடுகிறவர்கள் இரண்டு தெரு தள்ளி இருப்பார்கள். ஒரு சாயங்காலம் தறி வீட்டுக்குப் போய், கேட்டுவிட்டு, உட்கார்ந்து வரையுங்கள். முடித்ததும் காட்டுங்கள். கொடி எந்த இடத்தில் முறிகிறது என்று அவர்கள் விரல் வைத்துச் சொல்வார்கள். கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். "சூப்பர்" என்பவர்கள் அந்த உதவியைச் செய்ய மாட்டார்கள்.

அத்தை கேட்டதை நான் குத்தலாக எடுத்துக்கொள்ளவில்லை. அரிவாமனைப் படத்தை அவரிடம் காட்டினீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. காட்டிப் பாருங்கள். "என் காலு இப்பிடியா இருக்கு?" என்று சண்டைக்கு வந்தாலும் வரட்டும்.

இன்னொன்று. பெருவிரலைச் சுற்றித் தாள் பஞ்சு பஞ்சாகக் கிளம்பியிருக்கிறது. மூன்று தடவையாவது ரப்பர் போட்டிருப்பீர்கள். முதலில் போட்ட கோடு இன்னும் மங்கலாகத் தெரிகிறது. அதுதான் சரியான கோடு, தங்கச்சி.