கேள்வி – பதில்: ஆறு பரப்புத் தோட்டமும் அரசின் கொள்வனவும்

2019 முதல் 2028 வரையான பத்தாண்டுகளைக் குடும்ப விவசாயத்துக்குரிய தசாப்தமாக ஐக்கிய நாடுகள் சபை பிரகடனம் செய்திருப்பதைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களே இம்முறை இப்பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டன. வேறு கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

உரும்பிராயிலிருந்து ஒரு தோட்டக்காரர்: ஆறு பரப்புக் குத்தகைக் காணியில் வெங்காயமும் மரக்கறியும் செய்கிறேன். நடவுக்கும் கிண்டுவதற்கும் கூலிக்கு ஆள் பிடிக்கிறேன். 'குடும்ப விவசாயி' என்ற சொல்லுக்குள் நானும் வருவேனா?

வருவீர்கள். காணி சொந்தமா குத்தகையா என்பதோ, நடவு நாளில் நாலு பேரைக் கூலிக்குப் பிடித்தீர்களா என்பதோ இதைத் தீர்மானிப்பதில்லை. தோட்டத்தை நடத்துவது குடும்பமா, உழைப்பில் பெரும்பகுதி குடும்பத்தினுடையதா என்றே பார்க்கிறார்கள். பிரேசில் நாடு 2006இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றி, நிலத்துக்கு உச்சவரம்பு, குடும்ப உழைப்பு மிகுந்திருத்தல், வருமானத்தில் ஒரு பங்காவது அந்த நிலத்திலிருந்து வருதல், குடும்பமே நிர்வகித்தல் ஆகிய நான்கையும் அளவுகோல்களாக வைத்தது.

ஒரு கணக்கைத் திருத்திக்கொள்வதும் நல்லது. உலகப் பண்ணைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை குடும்பப் பண்ணைகள் என்றும், பெறுமதியின்படி உலக உணவில் ஏறத்தாழ 80 வீதம் அவற்றிலிருந்து கிடைக்கிறது என்றும் உலக உணவு விவசாய நிறுவனம் கணித்துள்ளது. மேடைகளில் இந்த 80 வீதத்தைச் சிறு விவசாயிகளின் பங்காகச் சொல்லிவிடுகிறார்கள். ஆயிரம் ஏக்கரைக் குடும்பமாக நடத்துபவரும் அந்தக் கணக்கில் அடங்குவதால் அது பிழையான கூற்று. இரண்டு ஹெக்டயருக்கு உட்பட்ட பண்ணைகள் தருவது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு உணவு. ஆனால் அதை அவை உலக விவசாய நிலத்தில் சுமார் 12 வீதத்தை மட்டும் வைத்துக்கொண்டு தருகின்றன. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்ற நம் கணக்கில் அரை ஏக்கரும் வராத உங்கள் தோட்டம் இந்தப் பன்னிரண்டு வீதத்துக்குள் இருக்கிறது. மேடையில் சொல்லப்படும் பெரிய எண்ணைவிட இந்தச் சிறிய எண்தான் எனக்கு மதிப்புக்குரியதாகப் படுகிறது.

புத்தூரிலிருந்து ஒரு வாசகி: விடிய நாலு மணிக்கு இறைப்பு மெஷினை இயக்குவது நான். உர மானியம், நட்டஈடு என்று எது வந்தாலும் கணவரின் கையொப்பத்தையே கேட்கிறார்கள். இது எங்கள் ஊரில் மட்டுமா?

உங்கள் ஊரில் மட்டுமல்ல. ஆனால் யாழ்ப்பாணத்தில் இது கூடுதலாக உறுத்த வேண்டிய விடயம். நம்மிடையே தோட்டக் காணி பெரும்பாலும் சீதனமாகப் பெண்ணுக்கே எழுதப்படுகிறது. காணி உறுதி அவளுடைய பெயரில் இருக்கும். உழைப்பிலும் பாதிக்கு மேல் அவளுடையது. கமக்காரர் பட்டியலில் மட்டும் கணவருடைய பெயர் இருக்கும். யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழமைச் சட்டமான தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் சொந்தக் காணியை விற்கவோ கொடுக்கவோ கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதால், விற்பதற்குத் தடை இருப்பதுபோலச் செய்கை பண்ணுவதற்கும் அவளுக்குத் தனிப்பெயர் இல்லை என்றே அலுவலகங்களில் எண்ணிக்கொள்கிறார்கள். காணியை உடைமை மாற்றுவதும் அதில் செய்கை பண்ணுவதும் வெவ்வேறு விடயங்கள். செய்கை பண்ணுபவராக உங்களுடைய பெயரைப் பதிவதற்கு அந்தச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை.

2018 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட விவசாயிகளின் உரிமைப் பிரகடனம் விவசாயப் பெண்களுக்கெனத் தனி உறுப்புரை ஒன்றைக் கொண்டிருக்கிறது. பிரேசிலில் குடும்ப விவசாயப் பதிவைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் செய்கிறார்கள். கமநல சேவை நிலையத்துக்குப் போகும்போது இருவர் பெயரையும் பதியுமாறு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், மறுப்பதற்கான காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். கணவர் காலமான பிறகு பதிவை மாற்ற அலைந்த எத்தனையோ பெண்களை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். துடக்குக் கழிவதற்கு முன்பே படிவத்தோடு வரிசையில் நின்றவர்களும் அவர்களுள் இருந்தார்கள்.

சாவகச்சேரியிலிருந்து ஓய்வுபெற்ற கூட்டுறவு முகாமையாளர் ஒருவர்: தென் அமெரிக்க நாடுகள் கூடிக் குடும்ப விவசாயத்துக்கு ஏதோ பெரிதாகச் செய்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது என்ன? இங்கே ஆகக்கூடியதா?

ஆர்ஜென்டினா, பிரேசில், பரகுவே, உருகுவே ஆகிய நாடுகள் மெர்கோசூர் என்ற பொதுச்சந்தையை அமைத்தபோது, எல்லை திறந்ததும் தாம் நசுங்கிப்போவோம் என்று அஞ்சிய சிறு விவசாயிகளின் அமைப்புகள் தமக்கும் அந்த மேசையில் ஓர் இடம் கேட்டன. 2004இல், பிரேசிலின் முன்மொழிவின்பேரில், குடும்ப விவசாயத்துக்கான சிறப்புக் கூட்டம் என்ற அமைப்பு உருவானது. தலைமை ஆறு மாதத்துக்கொரு முறை நாடு மாறுகிறது. ஒவ்வொரு தலைமைக் காலத்திலும் அமைச்சு அதிகாரிகளும் விவசாய அமைப்புகளின் பிரதிநிதிகளும் ஒரே கூட்டத்தில் அமர்ந்து பேசுகிறார்கள். விவசாய அபிவிருத்திக்கான சர்வதேச நிதியம் தொடக்கத்தில் இதற்குத் துணைநின்றது. யார் குடும்ப விவசாயி என்பதைப் பதிவேட்டில் கொண்டுவருவதுதான் அவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட வேலைகளில் ஒன்று. பதிவேடு இருந்தால்தான் அடுத்த படிக்கு ஏறலாம்.

அந்த அடுத்த படி, அரசு தனக்குத் தேவையான உணவைச் சிறு விவசாயியிடம் வாங்குவது. பாடசாலை உணவுக்கென மத்திய அரசு கொடுக்கும் பணத்தில் குறைந்தது 30 வீதத்தைக் குடும்ப விவசாயிகளிடம் வாங்கவே செலவிட வேண்டும் என்று 2009இல் பிரேசில் சட்டமாக்கியது. 2014இல் உருகுவேயும் அரச உணவுக் கொள்வனவில் ஒரு பங்கைக் குடும்ப விவசாயிகளுக்கு ஒதுக்கிச் சட்டம் இயற்றியது. ஒரு நாடு செய்து பார்த்ததை அயல்நாடு எடுத்துக்கொள்வதற்கு அந்த மேசை வழிவிட்டது.

இப்போது நம் சந்தையைப் பாருங்கள். மாரி காலத்து விடியற்காலை ஒன்றில் மோட்டார் சைக்கிளில் இரண்டு சாக்குக் கத்தரிக்காய் கொண்டுவந்த ஒருவரின் அருகில் நின்றிருந்தேன். நிறுக்கும்போது ஒவ்வொரு பத்துக் கிலோவுக்கும் ஒரு கிலோ கழிவு என்று எடுத்துவிட்டு ஒன்பதுக்கே காசு எழுதினார்கள். காய் நனைந்திருக்கிறது என்று விலையிலும் குறைத்தார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. திரும்பிக் கொண்டுபோனால் மத்தியானத்துக்குள் வாடிவிடும் என்பது அவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். அதே நேரத்தில், அதே சந்தையிலிருந்து சற்றுத் தூரத்திலுள்ள வைத்தியசாலைகளுக்கும் மாணவர் விடுதிகளுக்கும் கேள்விப்பத்திரம் மூலம் தெரிவான வழங்குநர் ஒருவரிடமிருந்து மரக்கறி போய்ச்சேர்கிறது. வியாபாரப் பதிவு, வங்கிப் பிணை, நாள்தோறும் எல்லா வகை மரக்கறியும் தடையில்லாமல் தரும் வல்லமை ஆகியவை அந்தப் பத்திரத்தின் நிபந்தனைகள். ஆறு பரப்புக்காரர் ஒருவரால் இவற்றில் ஒன்றையும் நிறைவேற்ற முடியாது. நாற்பது ஆறு பரப்புக்காரர் சேர்ந்த சங்கத்தால் முடியும்.

ஐயா, நீங்கள் கூட்டுறவிலேயே வாழ்நாளைக் கழித்தவர். திருவிதாங்கூருக்குப் புகையிலை அனுப்பக் கூட்டுறவுச் சங்கம் அமைத்த ஊர் இது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆகக்கூடியதா என்று கேட்டீர்கள். கேள்விப்பத்திர நிபந்தனையில், மரக்கறியில் ஒரு பங்கு மாவட்டத்தின் பதிவு செய்யப்பட்ட கமக்காரர் அமைப்புகளிடமிருந்தோ கூட்டுறவுச் சங்கங்களிடமிருந்தோ வாங்கப்பட வேண்டும் என்று ஒரு வரி சேர வேண்டும். காசு பதினைந்து நாளுக்குள் கொடுபட வேண்டும் என்று இன்னொரு வரி சேர வேண்டும். இரண்டாவது வரி இல்லாவிட்டால் முதலாவது பயன்படாது. மூன்று மாதம் காசுக்குக் காத்திருக்க வல்ல தோட்டக்காரர் நம்மிடம் இல்லை.

அச்சுவேலியிலிருந்து ஒரு வாசகர்: இவ்வளவு எதற்கு? 1970க்கும் 77க்கும் இடையில் இறக்குமதியைத் தடுத்தார்கள், நாங்கள் நன்றாயிருந்தோம். இப்போதும் அதைச் செய்தால் போதாதா?

அந்த ஏழு ஆண்டுகளில் வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் இங்கே வீடுகளைக் கட்டின, பிள்ளைகளைப் படிப்பித்தன என்பது உண்மை. ஆனால் 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டபோது விலை விழுந்து, பெரிய விலையை நம்பிக் கடன்பட்டவர்கள் முதலில் விழுந்தார்கள். கொழும்பில் ஒரு தேர்தல் முடிவால் வந்த பாதுகாப்பு இன்னொரு தேர்தல் முடிவால் போயிற்று.

இன்றைய நிலையில் முழுத்தடையைவிட நாள் குறிப்பு முக்கியம் என்பது என் எண்ணம். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இறக்குமதிப் பொருட்களுக்கு அறவிடப்படும் விசேட வர்த்தகப் பண்ட வரியை அமைச்சர் வர்த்தமானி மூலம் கூட்டவும் குறைக்கவும் முடியும். நாம் வெங்காயம் கிண்டும் வாரத்தில் வரி குறைந்தால், நட்ட நாளில் போட்ட கணக்கு முழுவதும் பிழைத்துவிடும். அறுவடை மாதங்களில் வரி இன்ன அளவுக்குக் கீழே போகாது என்று விதை வெங்காயம் வாங்கும் முன்னரே அறிவித்துவிட்டால் தோட்டக்காரர் தம் கணக்கைத் தாமே பார்த்துக்கொள்வார். 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே வர்த்தமானியால் நிறுத்தி, ஆண்டு முடியுமுன்னரே அதைத் திரும்பப் பெற்றதில் நாம் பட்ட பாட்டுக்கும் இதே முன்னறிவிப்பின்மைதான் காரணம்.

கிளிநொச்சி அறிவியல்நகரிலிருந்து விவசாய பீட மாணவி ஒருவர்: வெளிநாட்டு அபிவிருத்தி உதவி குடும்ப விவசாயத்துக்கு உண்மையில் உதவுகிறதா?

2023இல் அமெரிக்க அரசின் யு.எஸ்.எயிட் நிறுவனம் கொடுத்த 36,000 தொன் ரி.எஸ்.பி. என்ற பொஸ்பேற்று உரம் உலக உணவு விவசாய நிறுவனத்தின் மூலம் நாடெங்கும் நெற்செய்கையாளருக்குப் பகிரப்பட்டது. நெருக்கடி நேரத்தில் அது பெரிய உதவி. வாங்கியவர்கள் அதை மறக்கக் கூடாது. 2025 யூலையில் அந்த நிறுவனமே மூடப்பட்டது. சாக்காக வரும் உதவி சாக்கு முடிந்ததும் முடிந்துவிடுகிறது. தெளிப்பு நீர்ப்பாசனக் குழாய்கள் கொடுத்த ஒரு திட்டத்தின் பெயர்ப்பலகை நின்ற கிராமத்துக்கு மூன்று வருடத்தின் பின் போனேன். பலகை இருந்தது, குழாய்கள் ஆட்டுப்பட்டிக்கு வேலியாக இருந்தன. பழுதானால் திருத்துவதற்கான உதிரிப்பாகம் மாவட்டத்தில் ஒரு கடையிலும் இல்லை என்றார்கள்.

மெர்கோசூர் நாடுகள் வெளி நிதியோடு தொடங்கிய வேலைக்கு 2008இல் தமக்குள் பணம் போட்டு ஒரு நிதியத்தையும் ஏற்படுத்திக்கொண்டன. இங்கே அப்படிப் பொறுப்பேற்க வேண்டியது மாகாணசபை. பதின்மூன்றாம் திருத்தத்தின்படி விவசாய விரிவாக்கம் மாகாணத்தின் அதிகாரத்தில் உள்ளது. 2018 ஒக்டோபரில் காலம் முடிந்த நம் சபைக்கு அதன் பின் தேர்தல் இல்லை. உதவி தருகிறவர் பேசவேண்டிய எதிர்த்தரப்பு நாற்காலி வெறுமையாயிருப்பதால், திட்டங்கள் தருகிறவரின் விருப்பப்படியே எழுதப்படுகின்றன.

உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடசாலைகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் பெண்களுக்குக் கோழிகளும் வீட்டுத்தோட்ட உதவியும் கொடுத்து, உள்ளூர் உணவைப் பாடசாலைக்குக் கொண்டுசெல்லும் முயற்சியொன்றை உலக உணவுத் திட்டம் இந்நாட்டில் நடத்திவருகிறது. அதன் வரவு செலவை ஆய்வுக்கு எடுங்கள். இன்னொன்று, நம் சுண்ணக்கல் நிலத்தில் இடும் உரத்தின் நைத்திரேற்று நேரே கிணற்றுக்குப் போய்ச்சேர்கிறது. செய்கைக் காலத்துக்கொரு முறை கிணற்று நீரை இலவசமாகச் சோதித்துத் தோட்டக்காரரின் கையில் எண்ணைக் கொடுக்கும் ஒரு சேவைக்கு உதவி கேட்பது ஆயிரம் சாக்குகளைக் கேட்பதைவிடப் பயன்தரும்.

நல்லூரிலிருந்து ஒரு வாசகர்: தென் அமெரிக்கா கிடக்கட்டும், சார்க் அமைப்பு இதில் என்ன செய்கிறது?

டாக்காவில் சார்க் விவசாய நிலையம் இயங்குகிறது. அரசுத் தலைவர்களின் மாநாடோ 2014இல் காத்மண்டுவில் நடந்ததற்குப் பின் நடக்கவேயில்லை. அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையில் அடையாள அட்டை பெற்ற உழவர் இடைத்தரகரில்லாமல் விற்கிறார். அன்றைய விலை பலகையில் எழுதப்படுகிறது. நம் கமக்காரர் அமைப்புகளின் தலைவர்கள், அவர்களுள் பாதிப்பேர் பெண்களாக, ஒரு கிழமை அங்கே போய் நின்று பார்த்து வருவதற்கான செலவு, நான் கண்ட எந்தத் திட்டத்தின் தொடக்க விழாச் செலவையும்விடக் குறைவாகவே இருக்கும்.