ஆபீஸில் பிரமோஷன் ஜூனியருக்குப் போய்விட்டது, பிலிப்பியர் 4:13 (‘என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு’) சொல்லிச் சொல்லியும் மனம் ஆறவில்லை என்று கேட்டவருக்கு

4:13-ஐத் தனியாகச் சொல்லாதீர்கள். 4:11, 12-இலிருந்து தொடங்குங்கள். சிறைக்காவலில் இருந்தபடி அப்போஸ்தலன் பவுல் எழுதியது. பட்டினி, குறைவு எதையும் தாங்கும் பலத்தைத்தான் 13 சொல்கிறது. உங்கள் பெங்களூர் ஆபீஸில் ஜூனியருக்குப் போன பிரமோஷனைத் திருப்பித் தரும் வசனமல்ல அது.

மனம் ஆறாததற்குக் காரணம், அநேகமாக, புலம்பாமலே ஸ்தோத்திரத்துக்குத் தாவியது. நம் சபைகளில் சாட்சிக்கு மைக் கிடைக்கும், புலம்பலுக்குக் கிடைக்காது!

இன்றிரவு சங்கீதம் 13-ஐச் சத்தமாக வாசியுங்கள். ஆறே வசனம்.

1. முதல் இரண்டில் தாவீது ‘எதுவரைக்கும்’ என்று நாலு தடவை கேட்கிறார். அங்கே நிறுத்தி, உங்கள் ஆத்திரத்தை, அந்த ஜூனியர் விஷயம் உட்பட, ஒளிக்காமல் கொட்டுங்கள். அவசரப்படாதீர்கள்.
2. 3, 4-ஐ வாசித்து, நீங்களும் ஒரே ஒரு விண்ணப்பம் வையுங்கள்.
3. நம்பிக்கையும் துதியுமான 5, 6 வாயில் வரவில்லையா? 4-ஓடு நிறுத்திவிட்டு நாளை தொடருங்கள்.

ஒரு வாரம் கழித்தும் அந்த ஜூனியரின் பேரைக் கேட்டால் வயிறு எரிகிறதா? அவருக்காகவும் ஜெபியுங்கள். கசப்பாகத்தான் இருக்கும்.

மதிப்பீடு அநியாயம் என்றால் மேனேஜரிடம் கேளுங்கள்; அது அவிசுவாசமல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டால் டாக்டரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு அழையுங்கள்.