1974–75 இங்கிலாந்து கால்பந்து லீக்கின் இரண்டாம் டிவிஷன் (முதல் டிவிஷனுக்கு அடுத்த நிலை): கேள்வி பதில்

கேள்வி: டெனிஸ் லாவின் குதிகால் கோல்தானே மான்செஸ்டர் யுனைடெட்டை இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளியது?

இல்லைங்க. 1974 ஏப்ரல் 27 அன்று யுனைடெட்டின் சொந்த மைதானமான ஓல்டு டிராஃபோர்டில், அதன் முன்னாள் வீரர் லா மான்செஸ்டர் சிட்டிக்காக கோல் அடித்தது உண்மை. ஆனால் இறங்காமல் தப்பப் போராடிய இன்னொரு அணியான பர்மிங்காம் சிட்டி அதே நாளில் ஜெயித்துவிட்டது. யுனைடெட் அந்த ஆட்டத்தை வென்றிருந்தாலும் தப்பியிருக்காது.

கேள்வி: அண்ணா, அந்த சீசன் பட்டியலை எக்செல்லில் போட்டேன். நாலாம் இடத்தில் சண்டர்லேண்டுக்குப் பதில் பிரிஸ்டல் சிட்டி வருகிறது. எங்கே தப்பு?

வெற்றிக்கு 3 புள்ளி போட்டிருப்பீர்கள் தம்பி. இங்கிலாந்தில் அது 1981–82இல்தான் வந்தது. அப்போது வெற்றிக்கு 2, டிராவுக்கு 1. சண்டர்லேண்ட் 19 வெற்றி, 13 டிரா: 38 + 13 = 51. பிரிஸ்டல் சிட்டி 21 வெற்றி, 8 டிரா: 42 + 8 = 50. மூன்று புள்ளி கணக்கில் இதுவே 70, 71 என்று புரண்டுவிடும். முதல் மூன்று இடம் எப்படிப் போட்டாலும் மாறாது: யுனைடெட் 61, ஆஸ்டன் வில்லா 58, நார்விச் 53.

சரிபார்க்க ஒரு வழி: 22 அணி, ஆளுக்கு 42 ஆட்டம், மொத்தம் 462 ஆட்டம். ஒவ்வொன்றிலும் 2 புள்ளி பங்கிடப்படுவதால் புள்ளிகளின் கூட்டுத்தொகை 924 வரவேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு வரியில் எண் பிசகியிருக்கிறது. அடித்த கோல், வாங்கிய கோல் இரண்டின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்கவேண்டும். இதை முதலில் பாருங்கள், பழைய பட்டியல்களில் அச்சுப்பிழை சகஜம்.

கேள்வி: புள்ளி சமமானால் கோல் வித்தியாசம்தானே?

அதுவும் கிடையாது. 1976–77இல்தான் கோல் வித்தியாசம் வந்தது. அதுவரை கோல் சராசரி, அதாவது அடித்ததை வாங்கியதால் வகுப்பது. மில்வாலும் கார்டிஃப்பும் 32 புள்ளி. மில்வால் 44 ÷ 56 = 0.786; கார்டிஃப் 36 ÷ 62 = 0.581. ஆகவே மில்வால் 20, கார்டிஃப் 21. இரண்டுமே இறங்கின என்பதால் யாருக்கும் லாபமில்லை! இந்த முறை தற்காப்பு அணிக்குச் சாதகம்: அடித்தது 40, வாங்கியது 20 என்றால் 2.0, 66–42 என்றால் 1.57. வித்தியாசத்தில் பார்த்தால் இரண்டாவது அணிதான் மேலே (+20, +24).

கேள்வி: மூன்றாம் இடத்துக்கு பிளே-ஆஃப் (மேலே ஏறும் அணியை முடிவு செய்யும் கூடுதல் ஆட்டங்கள்) இருந்ததா?

இல்லை, அது 1987இல் தொடங்கியது. மூன்று அணி ஏற, மூன்று அணி இறங்கும் விதி 1973–74 முதல். பழைய இரண்டு அணி விதி நீடித்திருந்தால் நார்விச் 1975இல் மேலே போயிருக்காது.

கேள்வி: யுனைடெட் சுலபமாக ஜெயித்ததா?

சொந்த மைதானத்தில், ஆம்: 17 வெற்றி, 3 டிரா, ஒரே தோல்வி, அதுவும் பிரிஸ்டல் சிட்டியிடம். வெளியூரில் 9 வெற்றி, 6 டிரா, 6 தோல்விதான். கோல் அடித்ததில் வில்லா (79) யுனைடெட்டை (66) விட மேல். லீக் கோப்பையையும் வில்லாவே தூக்கியது: இறுதியில் நார்விச்சை 1–0. வில்லாவின் ரே கிரேடன் அடித்த பெனால்டியை நார்விச் கோல்கீப்பர் கீலன் தட்டிவிட, திரும்பி வந்த பந்தை கிரேடனே உள்ளே தள்ளினார். அரையிறுதியில் யுனைடெட்டை வெளியேற்றியதும் இதே நார்விச்தான்.

கேள்வி: ஷெஃபீல்டு வென்ஸ்டே அவ்வளவு மோசமா?

5 வெற்றி, 21 புள்ளி, கடைசி இடம். 42 ஆட்டத்தில் 29 கோல். அதில் நான்கு, 1974 டிசம்பர் 7 அன்று சொந்த மைதானமான ஹில்ஸ்பரோவில் யுனைடெட்டுக்கு எதிராக வந்தவை, ஆட்டம் 4–4. யுனைடெட் தடுப்பாட்டக்காரர் ஜிம் ஹோல்ட்டனுக்குக் கால் முறிந்தது அன்றுதான்.